அளத்து விரலில் ஒரு துளி ரத்தம்

நான் முத்தையாபுரத்தில் இருக்கிறேன். எச்.ஐ.வி.க்கான மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டு வருகிறேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் அவருக்கு இருந்தது என்பதும் எனக்கு இருக்கிறது என்பதும் ஒரே வாரத்தில் தெரியவந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஊழியர் என் பேரோடு வியாதியின் பேரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதனால்தான், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே தானே பார்த்துக்கொள்கிற பரிசோதனைப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனத்தில் சொன்னபோது, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சரி என்றேன். வராந்தாவும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளும் வேண்டாம் என்றால் அதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் பெட்டி மேல் இல்லை.

டவுனில் ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஏ.சி. குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். வெள்ளைத் துண்டின் மேல் ஒரு பெண்ணின் கை. நகத்தில் ரோஸ் நிறப் பாலிஷ், விரலில் ஒரு கீறல் கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. விரல் நுனியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஊசியை வைத்து அமுக்கினார்கள். டக் என்று ஒரு சத்தம். மாதுளை முத்துபோல ஒரு துளி ரத்தம் எழும்பி நின்றது. அதைச் சின்னக் குழாயில் உறிஞ்சி, டெஸ்ட் அட்டையில் விட்டு, மேலே மருந்துத் துளி ஊற்றி, இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். மேல்கோடு வந்தால்தான் டெஸ்ட் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கீழேயும் ஒரு கோடு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். ரத்தம் போதவில்லை என்றால் எந்தக் கோடும் வராது, அந்த டெஸ்ட் செல்லாது. ஈறில் பஞ்சுக் குச்சியால் தடவிப் பார்க்கிற வகையும் உண்டாம். அது எங்கள் பக்கத்துக்கு ஒதுக்கப்படவில்லை என்றார்.

பெட்டியின் மேல் 'உங்கள் வீட்டிலேயே, உங்கள் கையாலேயே' என்று அச்சடித்திருந்தது. எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். என் மேலேயே எனக்குக் கோபம் உண்டென்றால் அது இங்கேதான். என் அம்மா உப்பளத்துக்குப் போனவள். அந்தக் கையால் தலை வாரிவிட்டால் முடி வெடிப்பில் மாட்டிக்கொண்டு இழுக்கும். அப்படிப்பட்டவளின் மகளுக்கு அந்த வீடியோவைப் பார்த்ததும் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, மதியச் சாப்பாட்டில் பிரியாணியா சாம்பார் சாதமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கொடுத்த தெருக்களில் முக்கால்வாசி வீட்டில் அளத்துக்குப் போகிற பெண்கள்தான். விடியும் முன்னே போய், பாத்தியில் உப்பு வாரி, சுமந்து கொட்டிவிட்டு, வெயில் ஏறும்போது திரும்பி வருவார்கள். அதனால் நான் மதியத்துக்கு மேல்தான் போவேன். ஒரு வீட்டுக்குள் மட்டும் போனால் பக்கத்து வீட்டுக்குச் சந்தேகம் வரும் என்று எந்த வீட்டையும் விடமாட்டேன். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் காக்கிக் கவரில் பெட்டியைக் கொடுப்பேன். விதி மூன்று. பெட்டியைப் பயன்படுத்துகிறவரைக் களப்பணியாளர் தொடக்கூடாது. அவராகச் சொன்னாலொழிய முடிவைக் கேட்கக்கூடாது. ஒருவருக்கு இரண்டு பெட்டிக்கு மேல் கிடையாது.

முதல் வாரத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பாதி வீட்டில் ரத்தம் வரவில்லை. உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற கை அது. விரல் நுனித் தோல் தடித்து, மஞ்சளாகி, பிளவு பிளவாக வெடித்துக் கிடக்கும். வீடியோ விரலுக்கென்று செய்த ஊசி அந்தத் தோலைத் தாண்டவே தாண்டாது. ஒருமுறை டக் என்று குத்திவிட்டால் ஊசி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், மறுபடி வராது. பெட்டிக்கு ஒரே ஊசி. ஒரு பெண் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"ரேஷன் கடையில ரேகை விழமாட்டேங்கு. இங்கன ரத்தம் விழமாட்டேங்கு. அப்ப இதுக்குப் பேரு கையே இல்ல போலுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் கூடச் சிரித்தேன். ரேஷன் கடையில் இவர்களுடைய பெருவிரலை மெஷின் ஏற்றுக்கொள்வதில்லை என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துடைத்துத் துடைத்து நாலு தடவை வைப்பார்கள், பிறகு கண்ணைக் காட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் போனில் வருகிற நம்பரைக் கேட்பார்கள். ரேஷன் கடை மெஷினுக்குத் தெரிந்தது பெட்டி அனுப்பியவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் வரவுமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். இருபத்தெட்டு வயதிருக்கும். புருஷன் வளைகுடாவில் கட்டட வேலை, வீட்டில் மாமியாரும் பத்து மாதத்து மகனும். அளத்து வேலைக்கு அவள் போகும் நேரத்தில் பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வாள். அவள் வந்ததும் பிள்ளை வேறு யாரிடமும் இருக்காது, மடியில் ஏறிப் பால் குடிக்கத் தொடங்கிவிடும். முந்தின வாரம் நான் போனபோது பெட்டி வேண்டாம் என்று சொன்னவள் அவள்.

"யக்கா, அந்தப் பெட்டி ஒண்ணு எனக்குத் தாங்க."

"என்னளா, போன வாரம் வேண்டாம்னு சொன்னே."

"போன வாரம் எங்க அத்தை பக்கத்துல நின்னாவ. இப்ப எழவு வீட்டுக்குப் போயிருக்காவ." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அவுக போன் பண்ணுனாவ. அங்கன விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தாவளாம். அன்ஃபிட்டுன்னு சொல்லிட்டாவளாம். என்ன சீக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காவ. யாருகிட்டயும் சொல்லிராதேன்னு மட்டும் சொல்லுதாவ. அடுத்த மாசம் ஊருக்கு ஏத்தி விட்டுருவாவளாம்."

காச நோயாக இருக்கலாம், மஞ்சள் காமாலையாகக்கூட இருக்கலாம், அதற்கும் அன்ஃபிட் போடுவார்கள் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் இருவருக்குமே வேறொன்றுதான் மனசில் ஓடியது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு, பிள்ளைக்கு நாலு மாதம் இருக்கும்போது, அவன் லீவில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எனக்கு இருந்தா இருந்துட்டுப் போவுது யக்கா. இவன் பால் குடிக்கானே" என்றாள்.

பிள்ளை அப்போதும் குடித்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு கை அவள் கழுத்துச் சரட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தெரியுமோ அதைச் சொன்னேன். தாய்க்கு இருந்தால் பாலில் பிள்ளைக்கு வரலாம். வரவேண்டும் என்றும் இல்லை. தெரிந்துவிட்டால் தாய்க்கு மாத்திரையும் பிள்ளைக்கு மருந்தும் உடனே தொடங்கிவிடுவார்கள், பெரும்பாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். தெரியாமல் போகிற ஒவ்வொரு நாளும்தான் ஆபத்து.

ஆஸ்பத்திரிக்கு வா, நானே கூட வருகிறேன் என்று கூப்பிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலையில் கூட்டிப் பெருக்குகிறவள் அவளுடைய நாத்தனார். சரி, பஸ் பிடித்து வேறு ஊருக்குப் போவோம் என்றேன். அளம் விட்டால் வீடு, வீடு விட்டால் அளம் என்று இருப்பவள் மாமியார் இல்லாமல் பஸ் ஏறினால் ஊரே காரணம் கேட்கும். "இப்படி எங்கயும் போவாண்டாம்னுதானே யக்கா நீங்க பெட்டி கொண்டு வாரிய" என்று அவள் கேட்டாள். நான் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அதை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். டக் என்று சத்தம் கேட்டது. அதன்பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது விரலைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். ஊசி வேலைக்கு ஆகவில்லை என்றதும், தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பழைய வெடிப்பு ஒன்றிலேயே குத்திக் கிளறியிருக்கிறாள். அரைத்துளிகூடத் தேறவில்லை. அட்டையில் கோடே வரவில்லை. ஊக்கால் குத்தினால் சீழ் பிடிக்குமே, அறிவிருக்கிறதா என்று அவளைத்தான் திட்டினேன். யாரைத் திட்டுவது என்று தெரியாவிட்டால் கைக்கு எட்டியவரைத் திட்டுவது எனக்கு வழக்கம்.

அடுத்த முறை மாமியார் வெளியே போனது எட்டு நாள் கழித்து. இந்தத் தடவை வெந்நீரில் கையை ஊறவைத்து, தோள்பட்டையிலிருந்து உருவிவிட்டு, கையைத் தொங்கப்போட்டு, சொன்னதெல்லாம் செய்தாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அதை அமுக்கி அமுக்கி எடுத்ததில் தண்ணீர்தான் அதிகம். மறுபடியும் கோடு இல்லை. அவளுக்கு உரிய இரண்டு பெட்டியும் தீர்ந்துபோயின. பிள்ளை பால் குடிப்பது மட்டும் நிற்கவில்லை, அதை நிறுத்தச் சொல்ல எனக்கும் வழியில்லை. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத வியாதிக்காகப் பாலை நிறுத்தினால் மாமியாருக்கு என்ன காரணம் சொல்வாள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'செல்லாததற்குக் காரணம்' என்று ஒரு இடம். கீழே மூன்று கட்டம். பயனாளர் தவறு, பெட்டியில் பழுது, காலாவதி. மூன்றில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அவள் படிவத்தில் நான் எதிலும் டிக் அடிக்கவில்லை. ஓரத்தில் பேனாவால் 'உப்பு' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன். அதற்கு முந்தின படிவங்களையும் எடுத்து எல்லாவற்றிலும் அப்படியே எழுதினேன்.

மறுவாரம் ஆய்வுக் கூட்டம். எங்கள் மேற்பார்வையாளர் கெட்டவர் கிடையாது. வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறவர், பெண்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தான் உட்காருவார். என் படிவக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா இது, சமையல் குறிப்பா எழுதியிருக்கீங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று விளக்கமாகச் சொன்னேன். அளத்துப் பெண்களின் கை எப்படி இருக்கும், ஊசி ஏன் இறங்கவில்லை, ஈறில் தடவுகிற வகை வந்தால் பிரச்சினையே இல்லை, அதுவும் முடியாதென்றால் கொஞ்சம் ஆழமாகக் குத்துகிற ஊசியாவது வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இதெல்லாம் மேலே முடிவு செய்ய வேண்டிய விஷயம், அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். பிறகு, "அவங்க படிக்காதவங்கம்மா. படத்தைப் பார்த்துச் செய்யத் தெரியலை. இன்னும் நல்லா டிரெயினிங் குடுக்கணும்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "சார், பாத்தித் தண்ணியப் பாத்தவுடனே என்னைக்கு உப்பு வாரலாம்னு நாள் சொல்லுவாளுவ. அவளுவளுக்கு அஞ்சு படம் போட்ட காகிதத்தைப் பாத்துச் செய்யத் தெரியாதா. செய்யத் தெரியாதது அவளுவளுக்கு இல்ல" என்றேன்.

யாருக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தின் முடிவில், என் பகுதியில் சேதாரம் அதிகமாக இருப்பதால் பெட்டிகளை டவுனில் கல்லூரி இருக்கும் பக்கத்துக்கு மாற்றுவதாகவும், மீதியிருப்பதைத் திங்கட்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என் 'உப்பு' எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பயனாளர் தவறில் டிக் போட்டிருந்தார்கள். சிவப்பு மையில், ஒன்று விடாமல்.

பஸ்ஸில் வரும்போது பையில் கிடந்த ஏழு பெட்டிகளையும் தடவிக்கொண்டே வந்தேன். கல்லூரிப் பக்கம் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் யாருக்கு ரத்தம் லேசாக வருகிறதோ அவர்களுக்கு மட்டும்தான் டெஸ்ட் என்றால் இதற்கு எதற்குத் திட்டம் என்று பேர்.

வழியைச் சொன்னது அவளேதான். மறுநாள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் பேசினாள்.

"யக்கா, அளத்துக்குப் போவும்போது தோட்டைக் கழத்தி வச்சிட்டுப் போவேன். ஞாயித்துக்கிழமை மாட்டும்போது ஓட்டை தூந்து போயி ரத்தம் வந்திரும். காதுல குத்துனா வராதா?"

ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கும் ஒரு பெண் எனக்குப் பழக்கம். அவளுக்குப் போன் போட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "ரத்தம் எங்க எடுத்தாலும் ரத்தம்தான் அக்கா. அந்தக் காலத்துல காதுமடல்ல எடுத்திருக்காங்க. ஆனா உங்க பேப்பர்ல விரல்னுதான் போட்டிருக்கும். நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராதீங்க" என்றாள். இத்தனை எளிய விஷயத்தை யாரும் பார்க்காத இடத்தில் ரகசியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமியார் சந்தைக்குப் போன நாளில் போனேன். முதல் பெட்டியிலிருந்து எண்ணினால் அது பத்தொன்பதாம் நாள். அளத்துக்குப் போய்வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கைக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தொட்டில் சேலைக்குள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவளே செய்துகொள்ளட்டும் என்று தள்ளித்தான் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு தன் காதிலேயே ஊசியை வைக்க அவளால் முடியவில்லை. ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் ஊசி, குழாயைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். வெடித்த விரல்களில் அந்த மெல்லிய குழாய் நிற்காமல் வழுக்கி விழுந்தது. இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் தடவை கொடுக்கவில்லை. தொடக்கூடாது என்ற விதி எனக்கு மறக்கவில்லை. நன்றாக நினைவு வைத்துக்கொண்டேதான் அவள் காதைத் தொட்டேன்.

காதுமடலைத் துடைத்து, ஊசியை வைத்து அமுக்கினேன். முழுத் துளி வந்தது. குழாய் நிறைந்தது. அட்டையில் விட்டு, மருந்து ஊற்றி, செல்போனில் இருபது நிமிடம் வைத்தோம்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பிள்ளை விழித்துக்கொண்டான். அம்மாவைப் பார்த்ததும் பாலுக்குக் கைநீட்டி அழுதான். அவள் எழுந்து போய்த் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். மாரில் சேர்த்துக்கொள்ளவும் இல்லை, இறக்கிவிடவும் இல்லை, கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கொடு என்றும் நான் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. காலை வரைக்கும் கொடுத்த பால்தான் அது. ஆனால் அட்டை அங்கே தரையில் கிடக்கும்போது அவளால் முடியவில்லை. பிள்ளை முகமெல்லாம் சிவந்து கத்தினான். அவள் ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்து இறங்கியது. நான் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து அவன் வாயில் வைத்தேன், துப்பிவிட்டான். என் வாழ்க்கையில் எத்தனையோ காத்திருந்திருக்கிறேன், அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் என் எதிரிக்கும் கொடுக்கமாட்டேன்.

இரண்டு கோடு வந்தது.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் கைப்பையில் இருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினேன். "எனக்கும் இதேதான் ளா. இத்தனை வருசமா திங்கேன். உன் முன்னாடி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்லா" என்றேன். அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை. "இவனுக்கு எப்ப பாக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள், ஊர் கேட்டால் கேட்கட்டும் என்று, பிள்ளைக்கு ஊசி போட வேண்டும் என மாமியாரிடம் சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன், அவளுடைய நாத்தனாருக்கு அங்கே வேலை இல்லை என்பது போதும். அங்கே மறுபடி பார்த்து உறுதி செய்தார்கள். அந்த வாரமே அவளுக்கு மாத்திரையும் பிள்ளைக்கு மருந்தும் தொடங்கினார்கள். புருஷன் ஊர் வந்து சேர்ந்ததும் அவனையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவள்தான். அவனும் மாத்திரை சாப்பிடுகிறான்.

திங்கட்கிழமை நான் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன். கணக்கில் ஒன்று குறைந்தது. அதற்கான படிவத்தில், காதுமடலில் எடுத்தது, குத்தியது நான், முடிவு இரண்டு கோடு என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன். விரலில் அவளே குத்தியதாக எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுத மனம் வரவில்லை. அளத்துக் கையில் அந்த ஊசி வேலை செய்கிறது என்ற பொய்க்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். பத்து நாளில் கடிதம் வந்தது. பயனாளரைத் தொட்டது, ஒருவருக்கு மூன்றாவது பெட்டி கொடுத்தது, குறிப்பிடாத இடத்தில் ரத்தம் எடுத்தது. நெறிமுறை மீறலுக்காக என்னை விடுவிப்பதாகப் போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் நேரில் பார்த்தபோது வருத்தப்பட்டார். உண்மையாகத்தான் வருத்தப்பட்டார்.

அதை நான் பொறுத்துக்கொண்டேன். விதியை மீறினேன், வேலை போயிற்று, சரி. பொறுக்க முடியாதது பிறகு வந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தி அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து சொன்னாள். திரையில் போட்டுக் காட்டிய சாதனைப் பட்டியலில் எங்கள் பகுதிக்கு நேரே, வீட்டுப் பரிசோதனை மூலம் கண்டறிந்து சிகிச்சையில் சேர்த்த பாலூட்டும் தாய் ஒருவர் என்று இருந்ததாம். அதற்கும் கை தட்டினார்களாம். அவளுடைய முதல் இரண்டு பெட்டியும் பயனாளர் தவறாகவே இருக்கின்றன. மூன்றாவது பெட்டி அவர்கள் சாதனை. காதைத் தொட்ட கை மட்டும் குற்றம். இதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை.

பிள்ளைக்கு இல்லை. இரண்டு முறை பார்த்தாகிவிட்டது, இரண்டு முறையும் இல்லை. இன்னும் ஒருமுறை பார்ப்பார்கள், அதிலும் இருக்காது என்று டாக்டர் சொல்கிறார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இதையே பேசிக்கொண்டிருக்கிறாய் என்று என் அக்காவே கேட்கிறாள். பத்தொன்பது நாள் அவன் குடித்தது எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தெருக்களில் அன்றைக்குச் செல்லாமல் போன மற்றப் பெண்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பெட்டி மறுபடி போகவே இல்லை.

பிள்ளைக்கு முதல்முறை ரத்தம் எடுத்த அன்று நான் கூடப் போயிருந்தேன். அவள் மடியில் அவனை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் அவன் வலது காலை இழுத்து, பெருவிரலைத் துடைத்துவிட்டு, ஒரு குத்து குத்தினார். அவன் அழ வாய் திறப்பதற்குள் ரத்தம் வந்துவிட்டது. அட்டையில் இருந்த வட்டங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்காமலே நிறைந்தன. அவன் கத்திக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு லேசா வருது பாத்தியளா யக்கா" என்றாள். "இவன் இன்னும் அளத்துல எறங்கலல்லா."